அத்தியாயம் 5: சர்க்கரையோடு இடுப்பையும் அளந்து பாருங்கள்

நீரிழிவு உள்ளவரிடம் "சர்க்கரை எவ்வளவு?" என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். வெறும் வயிற்றில் 140, சாப்பிட்ட பின் 210, மூன்று மாதச் சராசரி 8.2 என்று எண்களை மடமடவென்று ஒப்பித்துவிடுவார். "இடுப்புச் சுற்றளவு எவ்வளவு?" என்று கேட்டால் பெரும்பாலோர் விழிப்பார்கள், அல்லது பேன்ட் அளவைச் சொல்வார்கள். தொப்பைக்குக் கீழே இறக்கிப் போடும் பேன்ட்டின் அளவை வைத்து இடுப்பின் அளவைச் சொல்லிவிட முடியாது.

இந்த அத்தியாயம் அந்த விட்டுப்போன எண்ணைப் பற்றியது. டைப் 2 நீரிழிவு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இரத்தச் சர்க்கரையும் வயிற்றுக் கொழுப்பும் ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டே போகின்றன. சர்க்கரையை மாத்திரையால் இறக்கிக்கொண்டு, தொப்பையை அதன் போக்கில் விட்டுவிட்டால், சில ஆண்டுகளில் மாத்திரைகளின் எண்ணிக்கைதான் கூடும். மாறாக, அன்றாடச் சாப்பாட்டிலும் நடமாட்டத்திலும் தூக்கத்திலும் கைவைத்தால் இரண்டும் சேர்ந்து இறங்கும்.

ஒல்லியாகத் தெரிந்தாலும் கொழுப்பு இருக்கலாம்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாக அது மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் இருபது வயதுக்கு மேற்பட்டவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருந்தது. அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் உண்டு. உயரத்துக்கு மிஞ்சிய எடை என்ற வகையில் பருமனானவர்கள் நாட்டில் 28.6 சதவீதம். வயிற்றுப் பருமன் உள்ளவர்களோ 39.5 சதவீதம். எடை பெரிதாக இல்லாமலேயே தொப்பை போட்டவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று இதற்குப் பொருள்.

இதை விளக்க ஒரு புகைப்படம் மருத்துவ உலகில் புகழ்பெற்றது. புணே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் அருகருகே நிற்கும் படம் அது. 2004-இல் லான்செட் இதழில் வெளியானது. இருவருக்கும் உடல் நிறை குறியீடு ஒன்றுதான்: 22.3. ஆனால் உடலில் இருந்த கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். நம் மக்களுக்குத் தசை குறைவு, கொழுப்பு அதிகம், அதிலும் வயிற்றில் அதிகம். எடை இயந்திரத்தை மட்டும் நம்பினால் இது தெரியாமலே போய்விடும்.

அதனால்தான் இந்தியர்களுக்கான எல்லைக் கோடுகள் ஐரோப்பியர்களுக்கு உள்ளதைவிடக் கீழே வைக்கப்பட்டிருக்கின்றன. உடல் நிறை குறியீடு 23 ஆனாலே அதிக எடை; 25 ஆனால் பருமன். கிலோவில் உங்கள் எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் இந்தக் குறியீடு கிடைக்கும். 165 செ.மீ. உயரமும் 72 கிலோ எடையும் உள்ளவருக்கு அது 26.4. "அப்படியொன்றும் குண்டு இல்லையே" என்று வீட்டில் சொல்வார்கள். ஆனாலும் அவர் பருமன் எல்லையைத் தாண்டிவிட்டார்.

இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. அளப்பதற்குத் தையல்காரர் டேப் போதும்:

- கால்களைச் சற்று விரித்து நிமிர்ந்து நில்லுங்கள். வயிற்றை எக்க வேண்டாம்.
- விலாவின் கடைசி எலும்பையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தடவிக் கண்டுபிடியுங்கள். இரண்டுக்கும் நடுவே டேப்பைச் சுற்றுங்கள்.
- டேப் தோலை அழுத்தாமல், முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் அளவைக் குறியுங்கள்.
- மாதம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில் அளந்து, சர்க்கரை அளவு எழுதும் அதே நோட்டில் எழுதுங்கள்.

தொப்பை சர்க்கரையை எப்படி ஏற்றுகிறது?

தேவைக்கு மேல் சாப்பிடும் உணவு முதலில் தோலுக்கடியில் கொழுப்பாகச் சேர்கிறது. அங்கே இடம் போதாதபோது வயிற்றுக்குள்ளும் கல்லீரலுக்குள்ளும் தங்குகிறது. ஸ்கேன் அறிக்கையில் "ஃபேட்டி லிவர்" என்று வருவது இதுதான். கொழுப்பு படிந்த கல்லீரல் இன்சுலினின் சொல்லைச் சரியாகக் கேட்பதில்லை. இரவு முழுக்க இரத்தத்தில் சர்க்கரையை விட்டுக்கொண்டே இருக்கும். இரவு ஒன்றும் சாப்பிடாமல் படுத்தவருக்கும் காலையில் 160 காட்டுவதற்கு இது முக்கியமான காரணம். இதை ஈடுகட்ட உடல் இன்னும் அதிக இன்சுலினைச் சுரக்கிறது. கூடுதல் இன்சுலின் மேலும் கொழுப்பைச் சேர்க்கிறது. காலப்போக்கில் கணையத்திலும் கொழுப்பு படிந்து இன்சுலின் சுரப்பு தளர்கிறது.

இந்தச் சுழற்சியைத் திருப்ப முடியுமா? பிரிட்டனில் ராய் டெய்லர், மைக் லீன் ஆகிய இரு மருத்துவர்கள் நடத்திய டைரக்ட் ஆய்வு 2017-இல் இதற்கு விடை சொன்னது. நீரிழிவு வந்து ஆறு ஆண்டுகளுக்குள் இருந்தவர்களுக்கு, மருத்துவக் கண்காணிப்பில் சில மாதங்கள் மிகக் குறைந்த கலோரி உணவு கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் 46 சதவீதம் பேர் மாத்திரை இல்லாமலேயே நீரிழிவு எல்லைக்குக் கீழே வந்திருந்தார்கள். 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் இது 86 சதவீதம். இதை வீட்டில் தானாக முயலக் கூடாது. ஆனால் எடைக்கும் சர்க்கரைக்கும் உள்ள உறவு எவ்வளவு நெருக்கமானது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது கடினம்.

சிகிச்சை தொடங்கிய பின் எடை ஏன் கூடுகிறது?

"மாத்திரை போட ஆரம்பித்த பிறகுதான் குண்டானேன்" என்று பலர் சொல்வதுண்டு. இதில் உண்மை இருக்கிறது. காரணத்தைத் தெரிந்துகொண்டால் தடுக்கலாம்.

சர்க்கரை மிக அதிகமாக இருக்கும்போது அது சிறுநீரோடு வெளியேறுகிறது. சாப்பிட்டதில் ஒரு பகுதி உடம்பில் ஒட்டாமல் போவதால் ஆள் இளைக்கிறார். அந்த இளைப்பைக் கண்டு மகிழக் கூடாது. தசையும் சேர்ந்தே கரைகிறது. சிகிச்சையால் சர்க்கரை கட்டுப்பட்டதும் அந்த வெளியேற்றம் நின்றுவிடும். பழைய அளவிலேயே தொடர்ந்து சாப்பிட்டால் எடை ஏறத்தான் செய்யும். ஆகவே சிகிச்சை தொடங்கும் நாளே சாப்பாட்டு அளவை மாற்ற வேண்டிய நாள்.

அடுத்தது தாழ் சர்க்கரை பயம். ஒருமுறை கைநடுங்கி, வியர்த்து, கண் இருட்டியவர் மறுபடி அப்படி வந்துவிடுமோ என்று அடிக்கடி எதையாவது வாயில் போடத் தொடங்குகிறார். வீட்டிலும் இனிப்பு, இட்லி, பால் என்று ஒரே நேரத்தில் ஊட்டிவிடுகிறார்கள். சர்க்கரை 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பதே முறை. இன்னும் ஏறவில்லை என்றால் திரும்பக் குடிக்கலாம். அடிக்கடி தாழ்ந்தால் மருந்தின் அளவைத்தான் சரிசெய்ய வேண்டும். உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மருந்துகளும் ஒன்றுபோல் இல்லை. இன்சுலின், கிளிமெபிரைடு வகை மாத்திரைகள், பயோகிளிட்டசோன் ஆகியவை எடையைக் கூட்டக்கூடும். மெட்ஃபார்மின் கூட்டுவதில்லை. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஓரளவு குறைக்கும். செமாகுளுடைடு, டிர்செபடைடு இன்னும் நன்றாகக் குறைக்கும். ஆனால் பழக்கம் மாறாமல் நிறுத்தினால் போன எடை பெரும்பாலும் திரும்பிவிடும். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். "என் எடைக்கு ஏற்ற மருந்து எது?" என்று மருத்துவரைக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

ஒரு நாள் சாப்பாட்டைப் பிரித்துப் பார்ப்போம்

அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கும், ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒருவரை எடுத்துக்கொள்வோம். எட்டு ஆண்டாக நீரிழிவு. "நான் கட்டுப்பாடாகத்தான் இருக்கிறேன், இனிப்பே தொடுவதில்லை" என்று மனதாரச் சொல்கிறார். அவருடைய ஒரு நாள் இப்படிப் போகிறது:

- காலை 6 மணி: சர்க்கரை போடாத காபி, கூடவே மூன்று பிஸ்கட்.
- 8.30: ஐந்து இட்லி, தேங்காய்ச் சட்னி, கொஞ்சம் சாம்பார்.
- 11 மணி: டீ, ஒரு வடை.
- மதியம் 1.30: சாம்பாருக்குச் சோறு, ரசத்துக்குச் சோறு, தயிருக்குச் சோறு. தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல்.
- மாலை 5.30: டீ, ஒரு கைப்பிடி மிக்சர்.
- இரவு 9.30: "சர்க்கரைக்கு நல்லது" என்று நான்கு சப்பாத்தி, தேங்காய் அரைத்த குருமா. பத்தரைக்குப் படுக்கை.

இதில் இனிப்புப் பலகாரம் எதுவும் இல்லை. ஆனாலும் எடை கூடும். சமைத்த சோறு 100 கிராமில் சுமார் 130 கலோரியும் 28 கிராம் மாவுச்சத்தும் உண்டு. மதியம் மூன்று முறை வாங்கிய சோறு 400 கிராமைச் சுலபமாகத் தொடும். அது மட்டுமே 520 கலோரி. இப்போது இரவுக்கு வாருங்கள். ஒரு சப்பாத்திக்கு 30 கிராம் மாவு என்றால் சுமார் 100 கலோரி. மேலே தடவும் ஒரு டீஸ்பூன் எண்ணெய் 45 கலோரி. நான்கு சப்பாத்திக்கு 580. நீரிழிவுக்காக மாற்றிக்கொண்ட இரவுச் சாப்பாடு, அவர் பயந்து பயந்து சாப்பிட்ட மதியச் சோற்றைவிட அதிகக் கலோரி தருகிறது. குருமா கணக்கு தனி. சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறியதால் மட்டும் பயனில்லை. அளவு மாற வேண்டும்.

இன்னொன்றையும் பாருங்கள். நாள் முழுவதும் தட்டில் காய் என்று சொல்லத்தக்கது இல்லை. புரதமும் மிகக் குறைவு. மாவுச்சத்து மட்டும் நிறைந்த சாப்பாடு சீக்கிரம் பசிக்க வைக்கும். பதினொரு மணி வடையும் மாலை மிக்சரும் அந்தப் பசியிலிருந்துதான் வருகின்றன.

சிறுதானியம், கருப்பட்டி விஷயத்திலும் இதே குழப்பம் உண்டு. சாமை, தினை, வரகில் நார்ச்சத்து கூடுதல். ஆனால் கலோரியில் அவை அரிசிக்கு அருகிலேயே இருக்கின்றன. நைசாக அரைத்த கேழ்வரகு மாவில் காய்ச்சும் கஞ்சி சர்க்கரையை வேகமாக ஏற்றிவிடும். கருப்பட்டி, வெல்லம், தேன் மூன்றும் சர்க்கரையை ஏற்றுவதில் வெள்ளைச் சர்க்கரைக்குப் பெரிதாகக் குறைந்தவை அல்ல. நாளுக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு டீஸ்பூன் இனிப்பு என்றால் மாதத்துக்கு 1.2 கிலோ. அதில் பாதியைக் குறைத்தாலே வித்தியாசம் தெரியும்.

தட்டை மாற்றும் முறை

நம் சாப்பாட்டை விட்டு எங்கும் போக வேண்டாம். சாம்பார், ரசம், கூட்டு, பொரியல், மோர் என்ற நம் வரிசையே நல்லதுதான். விகிதத்தைத்தான் மாற்ற வேண்டும்.

1. தட்டில் பாதி காய். கீரை, அவரை, கொத்தவரை, புடலை, பீர்க்கு, முட்டைக்கோஸ், வெண்டை எதுவும் சரி. உருளை, சேனை, மரவள்ளியைக் காய்க் கணக்கில் சேர்க்காதீர்கள். அவை சோற்றுக் கணக்கு.
2. கால் தட்டு புரதம். கெட்டிப் பருப்பு, பாசிப்பயறு, சுண்டல், முட்டை, குழம்பில் போட்ட மீன், தோல் நீக்கிய கோழி. மத்தியும் நெத்திலியும் விலையும் குறைவு, சத்தும் அதிகம்.
3. கால் தட்டு சோறு, அல்லது இட்லி, சப்பாத்தி. மூன்று முறை வாங்குவதை விடுங்கள். சோற்றை ஒரே தடவை அளந்து வைத்து, அதையே சாம்பாருக்கும் ரசத்துக்கும் பிரித்துக்கொள்ளுங்கள். தயிரை மோராக்கித் தனியாகக் குடியுங்கள்.
4. காயையும் பருப்பையும் முதலில் சாப்பிடுங்கள். சோறு பின்னால் வரட்டும். இந்த வரிசை மாற்றமே சாப்பிட்ட பின் ஏறும் சர்க்கரையைக் குறைக்கும்.
5. எண்ணெயை மாதக் கணக்கில் கட்டுப்படுத்துங்கள். ஒருவருக்கு நாளொன்றுக்கு 20 கிராம் என்று வைத்தால் நான்கு பேர் குடும்பத்துக்கு மாதம் சுமார் இரண்டரை லிட்டர். மளிகைப் பட்டியலில் இந்த எண்ணை எழுதிவிட்டால் கரண்டிக்குக் கரண்டி கணக்குப் பார்க்க வேண்டியதில்லை.
6. இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடியுங்கள். காலை நான்கு இட்லி சாப்பிடுபவர் மூன்றாக்கி, ஒரு கிண்ணம் காய் சாம்பாரோ ஒரு முட்டையோ சேர்த்துக்கொள்ளலாம்.

விரத நாட்களில் கவனம் தேவை. பகல் முழுக்கப் பட்டினி கிடந்து இரவு பலகாரமாகச் சாப்பிட்டால் எடையும் குறையாது, சர்க்கரையும் அடங்காது. இன்சுலினோ கிளிமெபிரைடோ எடுப்பவருக்குப் பட்டினி ஆபத்து. விரதத்துக்கு முன்னரே மருத்துவரிடம் மருந்தளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நடப்பதும் தசை வளர்ப்பதும்

வேலை செய்யும் தசை இரத்தச் சர்க்கரையை உடனே எடுத்துக்கொள்ளும். அதனால் எடை இறங்குவதற்கு முன்பே உடற்பயிற்சியின் பலன் தெரியும். சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006-இல் வெளியிட்ட நீரிழிவுத் தடுப்பு ஆய்வு இதற்குச் சான்று. நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்தவர்கள் உணவையும் நடமாட்டத்தையும் மாற்றிக்கொண்டபோது, எடை பெரிதாகக் குறையாமலேயே நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. எடை இயந்திரத்தின் முள் அசையவில்லையே என்று யாரும் சோர்ந்துபோக வேண்டாம்.

- வாரத்துக்கு 150 நிமிட விறுவிறுப்பான நடை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம்தான் சரி.
- ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள். மொட்டைமாடி போதும், தெரு போதும்.
- வாரத்தில் இரண்டு மூன்று நாள் தசைக்கான பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கைவைத்துத் தள்ளுவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது என்று வீட்டிலேயே தொடங்கலாம். தசை குறைந்த நம் உடல்வாகுக்கு இது கட்டாயம் வேண்டும்.
- அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள். காலையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு மீதி நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தால் நடையின் பலன் ஓரளவு குறையலாம்.

செருப்பில்லாமல் நடக்காதீர்கள். நடந்து முடித்ததும் பாதத்தையும் விரலிடுக்கையும் பாருங்கள். கண்ணில் விழித்திரைப் பாதிப்பு உள்ளவர்கள் பாரம் தூக்குவதற்கு முன் கண் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தூக்கமும் மற்றப் பழக்கங்களும்

ஐந்து மணி நேரம் மட்டும் தூங்குபவருக்கு மறுநாள் பசி கூடுகிறது. அதிலும் மாவுப் பண்டத்தின் மேல் ஆசை கூடுகிறது. ஏழு மணி நேரத் தூக்கத்தையும் சிகிச்சையின் பகுதியாகவே எண்ணுங்கள். பெருத்த உடம்போடு பலமான குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று பரிசோதிக்க வேண்டும். அது சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றும். டிவி முன்னும் கைபேசி முன்னும் சாப்பிட்டால் அளவு தெரியாமல் போகும். மதுவில் உள்ள ஆல்கஹால் ஒரு கிராமுக்கு 7 கலோரி தருகிறது. தொட்டுக்கொள்ளும் வறுவல் அதற்கு மேல். மாத்திரை போட்ட வயிற்றில் மது, நள்ளிரவில் சர்க்கரையை அபாயமாகத் தாழ்த்தவும் கூடும்.

எவ்வளவு குறைத்தால் போதும்?

முதல் இலக்கு உங்கள் எடையில் 5 சதவீதம். 72 கிலோ உள்ளவருக்கு அது சுமார் மூன்றரை கிலோதான். இந்த அளவிலேயே சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றும் இறங்கத் தொடங்கும். ஆறு மாதத்தில் அதை எட்டி, பிறகு பத்து சதவீதத்தை நோக்கிப் போகலாம். மாதம் இரண்டு கிலோவுக்கு மேல் குறைக்க அவசரப்பட வேண்டாம், தசை கரையும். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், எழுபது வயதைக் கடந்தவர்கள், இன்சுலின் எடுப்பவர்கள் ஆகியோர் உணவை மாற்றும் முன் மருத்துவரிடம் பேசியாக வேண்டும். எடை குறையக் குறைய மருந்தளவும் குறைய வேண்டியிருக்கும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீரிழிவு உள்ளவருக்கென்று தனிச் சமையல் வேண்டாம். காய் மிகுந்த, எண்ணெய் அளவான இந்தத் தட்டு எல்லோருக்குமே நல்லது. பெற்றோருக்கு நீரிழிவு இருக்கும் பிள்ளைகளுக்கு இன்னும் நல்லது. தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீடு தேடி வருகிறது. சமையலறையில் செய்ய வேண்டிய மாற்றத்தை அந்த வீட்டார்தான் செய்ய முடியும்.

இந்த வாரம் மூன்றே மூன்று செய்யுங்கள். இடுப்பை அளந்து நோட்டில் எழுதுங்கள். மதியச் சோற்றை ஒரே தடவையாக அளந்து வையுங்கள். இரவு சாப்பிட்டதும் பத்து நிமிடம் நடங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது சர்க்கரை அறிக்கையோடு இந்த நோட்டையும் எடுத்துப் போங்கள்.